எந்த பூஸ்டர் பாக்ஸ் வாங்கலாம்? மேசையில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்

போக்கிமோன், மேஜிக் போன்ற கார்டு ஆட்டங்களில், உள்ளே எந்தக் கார்டு இருக்கிறது என்று தெரியாத சிறு பாக்கெட்டுகளை (பேக்) அடுக்கி வைத்த பெட்டிதான் பூஸ்டர் பாக்ஸ். சீல் பிரிக்காத ஒன்று நம் பக்கம் வந்து சேரும்போது பல ஆயிரம் ரூபாயை விழுங்கிவிடுகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூர் கடைகளிடம் சொல்லி வரவழைக்கிறோம். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் இடம் கேட்கிறோம். கூரியர், இறக்குமதி வரி, கடைக்காரரின் லாபம் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். அவ்வளவு கொடுத்து வாங்குகிற பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மஞ்சக்குப்பத்துத் தம்பிகளும் லாஸ்பேட்டை நண்பர்களும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, “எந்த செட்ல பெரிய கார்டு இருக்கு?” என்பதுதான். செட் என்றால் ஒரே பெயரில் சேர்ந்து வெளிவரும் கார்டுத் தொகுதி, பெரிய கார்டு என்றால் அரிதான, விலையுயர்ந்த கார்டு. நான் திருப்பிக் கேட்பது வேறு: பேக்கைப் பிரிக்கும்போது உங்களோடு உட்கார எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அந்த எண்ணிக்கை தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. ஒரு செட்டில் எல்லோரும் தேடுகிற ஒரு கார்டு, 300 பேக்குக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 36 பேக் உள்ள ஒரு பாக்ஸில் அது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். பத்துப் பேர் ஆளுக்கொரு பாக்ஸ் வாங்கினால் ஏறக்குறைய ஒன்பது பேர் அந்தக் கார்டைப் பார்க்கவே மாட்டார்கள். அந்தக் கார்டின் சந்தை விலை 20,000 ரூபாய் என்றால், “ஒரு பாக்ஸின் சராசரி மதிப்பு” என்று இணையத்தில் போடுகிற கணக்கில் 2,400 ரூபாய் அந்த ஒரே கார்டிலிருந்து வருகிறது. பாக்ஸ் விலை 15,000, சராசரி மதிப்பு 12,000 என்று யாராவது காட்டினால், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த 12,000-மும் கைக்கு வராது என்று அர்த்தம். வந்த கார்டை விற்பதற்கும் செலவு உண்டு. வாங்குபவர் பேரம் பேசுவார், பேக்கிங், கூரியர், தளத்தின் கமிஷன் எல்லாம் போகும். ஐம்பது ரூபாய் கார்டுகள் நாற்பது சேர்ந்தால் காகிதத்தில் இரண்டாயிரம் ரூபாய். அவற்றை ஒவ்வொன்றாக விற்று முடிப்பது தனி உத்தியோகம்.

ஆகவே ஒரு குறிப்பிட்ட கார்டுதான் வேண்டும் என்றால் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம், சிங்கிள்ஸ், அதாவது தனித்தனியாக விற்கிற கார்டுகளை வாங்குங்கள். போட்டிக்கு டெக் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) கட்டுபவருக்கும் இதே பதில். போக்கிமோனில் 60 கார்டு டெக்கில் ஒரே பெயரில் நான்கு வரை வைக்கலாம். அந்த நான்கையும் பாக்ஸிலிருந்து எடுக்க நினைத்தால் எத்தனை பாக்ஸ் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிங்கிள்ஸ் கடையில் அது ஒரே பில்.

அப்படியானால் பாக்ஸ் யாருக்கு? பிரிப்பதே விளையாட்டாக இருக்கிறவர்களுக்கு. அதில் முதலிடம், என் கணக்கில் போட்டியே இல்லாமல், மேஜிக் த கேதரிங்கின் ப்ளே பூஸ்டர் பாக்ஸுக்குத்தான்.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து வந்த இந்த ஆட்டத்தில் ‘டிராஃப்ட்’ என்று ஒரு முறை உண்டு. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பேக் வைத்துக்கொள்கிறார்கள். முதல் பேக்கைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கம் இருப்பவரிடம் தள்ள வேண்டும். இரண்டாவது பேக் வலப்பக்கம் சுற்றும், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். ப்ளே பூஸ்டர் ஒன்றில் ஆட்டத்துக்கு ஆகிற கார்டுகள் 14. மூன்று பேக் முடிந்தால் கையில் 42. அதிலிருந்து இருபத்து மூன்று கார்டு தேர்ந்து, பதினேழு நிலக் கார்டுகள் (மற்ற கார்டுகளை இறக்கச் சக்தி தருபவை) சேர்த்து 40 கார்டு டெக் கட்டி, அன்றைக்கே ஆடிவிடலாம். யாரும் வீட்டிலிருந்து டெக் கொண்டுவர வேண்டாம். பழைய ஆட்டக்காரருக்கும் நேற்றுக் கற்றுக்கொண்டவருக்கும் கையில் இருப்பது ஒரே அளவு சரக்கு. விலையில்லாத சாதா கார்டுகள்கூட இங்கே வேலை செய்கின்றன. பத்து ரூபாய்க்குப் போகாத ஒரு பச்சை நிற ஜந்துக் கார்டு டிராஃப்டில் ஆட்டத்தையே முடித்து வைக்கும். மற்ற பாக்ஸ்களில் பிரித்ததும் ஓரமாகக் கட்டி வைக்கிற குவியல், இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடுகிறது.

2024 பிப்ரவரியில் ‘மர்டர்ஸ் அட் கார்லோவ் மேனர்’ செட்டிலிருந்து பழைய டிராஃப்ட் பூஸ்டர், செட் பூஸ்டர் இரண்டையும் எடுத்துவிட்டு ப்ளே பூஸ்டர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் பாக்ஸுக்கு 36 பேக். 2025-இல் ‘ஈதர்டிரிஃப்ட்’ செட்டிலிருந்து அது 30 ஆகக் குறைந்தது. குறைந்ததில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் 30 நல்ல எண். எட்டுப் பேர் டிராஃப்ட் ஆடினால் 24 பேக் போக, ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஆறு மிஞ்சும். பத்துப் பேர் சேர்ந்தால் மிச்சமே இல்லை. ஐந்து பேர்தான் என்றால் ஆளுக்கு ஆறு பேக் பிரித்து ‘சீல்டு’ முறையில் ஆடலாம். பிரித்த 84 கார்டிலிருந்து டெக் கட்ட வேண்டும், சுற்றிவிடும் வேலை கிடையாது. புதியவர்களுக்கு இது டிராஃப்டைவிட எளிது. செலவை எட்டாகப் பங்கு போட்டால் தலைக்கு விழுவது, குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு வெளியே சாப்பிட்டுத் திரும்புகிற தொகை அளவுதான் இருக்கும்.

எந்த மேஜிக் செட் என்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்டத்துக்கு வெளியிலிருந்து பெயர் வாங்கிப் போடுகிற செட்களுக்கு விலை கூடுதல். 2025 ஜூனில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வீடியோ கேம் செட்டில் ப்ளே பூஸ்டர் ஒன்றுக்கு நிறுவனம் வைத்த விலை 6.99 டாலர். அதே ஆண்டின் சாதாரண செட்களுக்கு 5.49 டாலர். 30 பேக்குக்குக் கணக்குப் போட்டால் 45 டாலர் வித்தியாசம், அதுவும் அமெரிக்காவில். இங்கே வரும்போது இன்னும் விரிகிறது. அந்த வீடியோ கேம் உங்கள் உயிர் என்றால் கொடுங்கள். எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும் என்றால் சாதாரண செட்டே போதும், டிராஃப்ட் அதே அளவு சுவையாக இருக்கும்.

மேஜிக்கிலேயே கலெக்டர் பூஸ்டர் பாக்ஸ் என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும். 12 பேக், பேக்குக்கு 15 கார்டு, விலை ப்ளே பாக்ஸைவிடப் பல படி மேலே. மினுமினுப்பு, தனி ஓவியம், தனி சட்டகம் என்று அழகுக்காகவே செய்தது. டிராஃப்ட் ஆடுவதற்கான சரக்கு அதில் இல்லை. நம் ஊரில் அதை வாங்கிப் பிரிப்பது தனியொருவர் சில நிமிடங்களில் முடிக்கிற செலவு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, உங்கள் மேசையில் ஆளே இல்லை. நீங்களும், நீங்கள் சேர்க்கிற ஆல்பமும் மட்டும்தான். அப்போது போக்கிமோன் பக்கம் போகலாம், ஆனால் எந்த மொழி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆங்கில பாக்ஸில் 36 பேக், பேக்குக்கு 10 கார்டு. ஸ்கார்லெட் அண்ட் வயலெட் தொடர் 2023 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பேக்கிலும் குறைந்தது ஒரு ஹோலோ ரேர் (படம் மினுக்குகிற அரிய கார்டு), அதோடு இரண்டு ரிவர்ஸ் ஹோலோ (படத்தைச் சுற்றியுள்ள பகுதி மினுக்குகிற கார்டு) இடங்கள். அந்த இடங்களில்தான் பெரிய ஓவியக் கார்டுகள் எப்போதாவது வந்து உட்காரும். பிரிக்கக் கைக்கு நிறைய இருக்கும், 360 கார்டு. ஆனால் ஒரு பாக்ஸில் பெரிய கார்டு இத்தனை வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. மேஜிக்கை வெளியிடும் நிறுவனம் எந்த இடத்தில் எந்த ரகம் எத்தனை சதவீதம் வரும் என்று ஒவ்வொரு செட்டுக்கும் வெளியிடுகிறது. போக்கிமோனில் அந்த வழக்கம் இல்லை. ஆயிரக்கணக்கில் பேக் பிரித்தவர்கள் எண்ணிச் சொல்வதை நம்பித்தான் பேசுகிறோம்.

ஜப்பானிய பாக்ஸ் சின்னது. வழக்கமான செட்டில் 30 பேக், பேக்குக்கு ஐந்தே கார்டு, ஆக 150. ஸ்கார்லெட் அண்ட் வயலெட் காலத்தில் ஜப்பானில் பேக் விலை 180 யென், பாக்ஸ் 5,400 யென். எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் பாக்ஸுக்கு ஒரு எஸ்.ஆர். (சூப்பர் ரேர்) அல்லது அதைவிட அரிய கார்டு, கூடவே மூன்று ஏ.ஆர். (ஆர்ட் ரேர்) ஓவியக் கார்டுகள் என்பது அங்கே நடைமுறையில் பழகிப்போன அமைப்பு. முழுக்க வெறும் கையோடு எழுந்திருக்க வேண்டாம். அச்சும் வெட்டும் ஆங்கிலப் பதிப்பைவிடத் துல்லியம் என்பது சேகரிப்பவர்கள் பலரின் கருத்து, என் கருத்தும் அதுவே. வருடக் கடைசியில் வருகிற ‘ஹை கிளாஸ்’ செட்கள் இன்னும் நல்லவை. 2022 டிசம்பரின் ‘விஸ்டார் யுனிவர்ஸ்’, 2023 டிசம்பரின் ‘ஷைனி ட்ரெஷர்’, 2024 டிசம்பரின் ‘டெராஸ்டல் ஃபெஸ்டிவல்’ மூன்றிலும் 10 பேக், பேக்குக்கு 10 கார்டு. சாதாரண செட்டை 30 தடவை பிரிப்பதைவிட இதைப் பத்தே தடவை பிரிப்பதில் கண்ணுக்கு அதிகம் கிடைக்கிறது. தனியாகச் சேர்ப்பவருக்கு, ஒரே ஒரு பாக்ஸ் என்றால், நான் கைகாட்டுவது இதைத்தான்.

இந்த ஒழுங்கான அமைப்பிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. பாக்ஸுக்கு ஒரு எஸ்.ஆர். என்று தெரிந்திருப்பதால், விற்பவர் ஒருவர் பேக்குகளைப் பிரித்துக்கொண்டே வந்து அது கிடைத்ததும் நிறுத்திவிடலாம். மீதி பேக்குகள் உதிரியாக விற்பனைக்கு வரும். பார்வைக்கு அவை புத்தம் புதியவை, உள்ளே பெரிய கார்டு இல்லை. ஜப்பானிய போக்கிமோனில் உதிரி பேக் வாங்காதீர்கள். முழு பாக்ஸ் வாங்க முடியாவிட்டால் சிங்கிள்ஸே மேல்.

ஆங்கிலமா ஜப்பானியமா என்பதில் மொழியையும் யோசியுங்கள். கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஆங்கில கார்டுதான் சரி. ஜப்பானிய எழுத்தை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பையனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்க முடியாது. அதிகாரப்பூர்வப் போட்டிகளிலும் எந்த மொழி கார்டு செல்லும் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி உண்டு, நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் பாக்ஸும் தேவையில்லை, அதே கம்பெனியின் தயார் டெக் இரண்டு வாங்கினால் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்துவிடலாம். போக்கிமோனை டிராஃப்ட் ஆடலாமே என்று கேட்பார்கள். ஆடலாம், ஆனால் பரிணாமக் கார்டுகளுக்கு அடிப்படைக் கார்டும் சேர்ந்து வர வேண்டும் என்பதால் சுற்றுக்கு வருகிற பாதி கார்டு யாருக்கும் உதவாமல் போகிறது. மேஜிக் டிராஃப்டின் ருசி அதில் இல்லை.

இன்னொரு விஷயம், இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கலாம். 2023-இல் வந்த ஆங்கில ‘151’ செட்டுக்கும், 2025 ஜனவரியில் வந்த ‘பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ்’ செட்டுக்கும் 36 பேக் பூஸ்டர் பாக்ஸ் என்ற ஒன்றே கிடையாது. அவை சிறப்பு செட்கள். ஒன்பது பேக் உள்ள எலீட் ட்ரெய்னர் பாக்ஸ், ஆறு பேக் உள்ள பூஸ்டர் பண்டில் போன்ற வடிவங்களில்தான் வந்தன. ஆங்கில 151-க்கு 36 பேக் பாக்ஸ் மலிவு விலையில் என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால் அது போலி. வேறு சோதனையே வேண்டாம்.

போலி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பேன்சி ஸ்டோர்களிலும் பள்ளிக்கூட வாசல் கடைகளிலும் தொங்குகிற தங்க நிற, வெள்ளி நிற பிளாஸ்டிக் போக்கிமோன் கார்டுகள் அசல் இல்லை. பிள்ளைகள் ஆசையாக வைத்து விளையாடட்டும், அது வேறு. அசல் விலை கொடுத்து வாங்கும்போது பின்பக்க நீலம் வெளிறியிருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா, பெரிய ரேர் கார்டில் விரல் ரேகை போல நுண்ணிய மேடுபள்ளம் (அசலில் இருக்கும்) தடவினால் தெரிகிறதா என்று பாருங்கள். மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்து, அசல் என்று உறுதியாகத் தெரிந்த கார்டோடு ஒப்பிட்டால், போலியில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவுவது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, அதே பெயர் கொண்ட ஜப்பானிய காமிக்ஸை வைத்து வந்த ஒன் பீஸ் கார்டு ஆட்டம். கல்லூரிப் பையன்களிடம் இதற்கு இருக்கிற ஈர்ப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்டாய் நிறுவனம் 2022 ஜூலையில் ஜப்பானிலும் அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தது. ஆங்கில பாக்ஸில் 24 பேக், பேக்குக்கு 12 கார்டு, மொத்தம் 288. ஜப்பானியத்தில் அதே 24 பேக், பேக்குக்கு ஆறே கார்டு. விலைப்பட்டியலை ஒப்பிடும்போது இந்தப் பாதி வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. டெக் 50 கார்டு, ஒரு லீடர் (தலைவர் கார்டு), பத்து டான் கார்டு (மற்ற கார்டுகளை இறக்கச் செலவழிப்பவை). டான் கார்டுக்கு எளிய வழி ஸ்டார்ட்டர் டெக் (ஆட்டம் தொடங்குவதற்கான தயார் டெக்), பாக்ஸை மட்டும் நம்பி ஆட உட்கார முடியாது. இதில் நான் நல்லதென்று நினைப்பது, மூன்று நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு ஸ்டார்ட்டர் டெக் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரே ஆங்கில பாக்ஸை வாங்கி நிறவாரியாகப் பிரித்துக்கொள்வது. சிவப்பு உனக்கு, பச்சை எனக்கு என்று போய்விட்டால் வீணாகிற கார்டு குறைவு. மாங்கா ரேர் (காமிக்ஸ் பக்கம் பின்னணியில் உள்ள மிக அரிய கார்டு) கிடைக்கும் என்ற ஆசையில் தனியாளாக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அது பல பாக்ஸுக்கு ஒன்று வருகிற சரக்கு.

யு-கி-ஓ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆட்டம் அருமை, பாக்ஸ் எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் 24 பேக், பேக்குக்கு ஒன்பது கார்டு. ஒரு செட்டின் மதிப்பு எந்த டெக்கிலும் பொருந்துகிற மூன்று நான்கு கார்டிலேயே தங்கி நிற்கும். அவற்றை டின்களிலும் தனித் தொகுப்புகளிலும் மறுபடி அச்சிட்டுவிடுவார்கள், விலை சரியும். ஆடுகிறவருக்கு அது நல்லது, பாக்ஸ் வாங்கியவருக்குத்தான் நட்டம். 2023-இன் ‘ரேரிட்டி கலெக்‌ஷன்’ மாதிரி எல்லா கார்டும் மினுக்குகிற தொகுப்பு வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பிரிக்காமல் வைத்திருந்து பிறகு விற்கலாம் என்று கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த போக்கிமோன் ‘எவால்விங் ஸ்கைஸ்’ பாக்ஸ் சில வருடங்களில் பல மடங்கு ஏறியது உண்மை. 1994-இல் வந்த மேஜிக் ‘ஃபாலன் எம்பயர்ஸ்’ அளவுக்கு மீறி அச்சானதால் பல பத்தாண்டுகள் மலிவாகவே கிடந்ததும் உண்மை. எது எந்தப் பக்கம் போகும் என்பது அச்சிடுகிறவரின் கையில் இருக்கிறது. நம் ஊருக்கு இதில் கூடுதல் சிக்கல், கடல். ஃபாயில் கார்டில் காகிதம் ஈரத்தை இழுக்கும், மேலே உள்ள உலோகப் படலம் இழுக்காது, அதனால் கார்டு வளையும். தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ ஏசி இல்லாத அறையில் வைத்தால் சில மாதங்களிலேயே அது தெரியும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் கடலூர் வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல், அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ரெயின்போ நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பத்து வருடம் ஒரு காகிதப் பெட்டியைச் சுருக்கமில்லாமல், மூலை மடங்காமல் இங்கே காப்பாற்றுவது பெரும்பாடு. முதலீடு என்ற பெயரில் நான் யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கொஞ்ச காலம் வைத்திருந்து பிரிப்பதாக இருந்தால், மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, தரையை விட்டு மேலே, மாடியில் வையுங்கள்.

எட்டுப் பேர் சேர்ந்து மேஜிக் பாக்ஸ் வாங்குவது என்று முடிவெடுத்தால் இன்னும் ஒரே வேலை பாக்கி இருக்கிறது. கிடைத்த ரேர் கார்டுகள் யாருக்கு? எடுத்தவருக்கே சொந்தம் என்றால், டெக்குக்கு உதவாத விலையுயர்ந்த கார்டை ஒருவர் அமுக்குவார், ஆட்டம் கெட்டுவிடும். எங்கள் பக்கம் செய்வது வேறு மாதிரி. ஆட்டம் முடிந்ததும் ரேர் எல்லாவற்றையும் மேசை நடுவில் முகம் மேலாகப் பரப்புவோம். முதல் இடம் வந்தவர் ஒன்று எடுப்பார், அப்புறம் இரண்டாமவர், கடைசி ஆள் வரை போய்த் திரும்பக் கடைசி ஆளிலிருந்தே மேலே வரும். சாதா கார்டுகள் பொதுப் பெட்டிக்குப் போகும், புதிதாக யாராவது கற்க வந்தால் அதிலிருந்து டெக் கட்டிக் கொடுப்போம். இதைப் பணம் வசூலிக்கும் அன்றே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பெரிய கார்டு ஒன்று வெளியே வந்த பிறகு விதி பேச ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.